செல்வியின் எச்சில்

4, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. கோயிலில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். இப்போது பார்க்காமலே எழுதுகிறேன், எழுபத்திரண்டு வயதில்! ஒரு வரிக்கு ஒரு வாய் தேத்தண்ணீர். பூனை குட்டி போட்டிருக்கிறது.
மகள் செல்விக்கு எச்.ஐ.வி. முற்றிய பிறகுதான் தெரிந்தது. லாரி ஓட்டிய மாப்பிள்ளை, தனக்கு அது இருந்ததைச் சாகும்வரை சொல்லவில்லை. இப்போது அவள் வாய் முழுக்க வெள்ளை. அழுக்கு என்று நினைத்து நாக்கை வழித்திருக்கிறாள். வழித்த இடமெல்லாம் ரத்தம்.

5, புதன்
ஜொகூர் பாரு மருத்துவமனை. டாக்டரம்மா தமிழ்ப் பெண்.
"இது பூஞ்சைம்மா. உடம்புல சக்தி இல்லாததால பிடிச்சிருக்கு. வழிக்காதீங்க. மருந்தை வாயில கொஞ்ச நேரம் வெச்சிருந்து முழுங்கிடணும்."
எச்சில் பட்டால் ஒட்டுமா என்று கேட்டேன்.
"ஒட்டாது அங்கிள். ஒரே தட்டுல சாப்பிடலாம்."
செல்வி நிமிரவே இல்லை. வீட்டில் அவளுக்குச் சாப்பிடும் மங்குக் கிண்ணம் தனி, கரண்டி தனி. நான் ஒதுக்கவில்லை. அவளே ஒதுக்கிக்கொண்டாள்.
திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டே வந்தாள்.

7, வெள்ளி
கடும் வெயில். கஞ்சி இறங்கவில்லை. மோரும் எரிகிறதாம்.
"விடுங்கப்பா, போதும்."
சீவிய ஐஸில் சிரப்பும் பயறும் போட்டு விற்கும் ஐஸ் கச்சாங் கடை மணியத்திடம் போய் வெறும் ஐஸ் சீவித் தரச் சொன்னேன்.
"சிரப் வேணாம், கச்சாங் வேணாமா? இதுக்குக் காசு வாங்கினா எனக்கே வெட்கம் லா, அங்கிள்."
அரை மங்கு தின்றாள்! கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மீதியை அதே கரண்டியால் நான் தின்றேன்.
"அப்பா! எச்சில்! பைத்தியமா உங்களுக்கு?" கையைத் தட்டிவிட்டாள்.
"டாக்டரம்மா சொன்னாங்களே."
"சொல்லுவாங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் என்னப்பா செய்வேன்?"
மங்கையும் கரண்டியையும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

9, ஞாயிறு
வகுப்புக்குப் போகவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை அவளுக்கு. எச்சிலை விழுங்கினாலே நெஞ்சில் வலி. மகன் கார் எடுத்துவர, மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

10, திங்கள்
மறுபடி மழை. வார்டு. பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டதாம். ஊசியில் மருந்து ஏறுகிறது. "உடம்பு ரொம்ப பலவீனமா இருக்கு, பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.
மதியம் நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். செல்வி ஒரு மடக்கு குடித்தாள். விழுங்க வெகு நேரம். கப்பை வாங்கி மேசையில் வைக்கப் போனேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.
"நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. குடிங்கப்பா."
அவள் பார்க்கப் பார்க்கக் குடித்தேன்.