நட்டுக்கு என்ன உலோகம்?

ரேணிகுண்டா
9 டிசம்பர் 2025

எத்திராஜ் மாமாவுக்கு,

நான் நலம். நம் பட்டறையில் இரும்பு கடையும் லேத் நலமில்லை. போனில் பேசினால் உடனே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதி, உங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் ஹரிபாபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். சித்திரையில் லேத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னீர்கள். நான் மாட்டேனென்றேன். நீங்கள் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்குப் போய்விட்டீர்கள். அதை இப்போது கிளறப்போவதில்லை.

சித்தூரில் வெல்லம் காய்ச்சும் ஆதிநாராயணன், கரும்பு ஆலையின் உருளையைக் கடையச் சொல்லி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். வெட்டிய கரும்பு காய்கிறது. இங்கேயோ லேத்தில் இரும்பைச் சீவும் டூலை நகர்த்தும் ஸ்க்ரூவின் நட் தேய்ந்து, டூல் தானாக உள்ளே பாய்கிறது. புது நட் கடையில் கிடைக்காது, நாமேதான் செய்ய வேண்டும். எஃகில் செய்தால் ஆயுசுக்கும் தேயாது என்கிறார் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்த உலோகம் போடலாம்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

துர்காதேவி

வரதய்யபாளையம்
11 டிசம்பர் 2025

துர்காவுக்கு,

எஃகு வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூவும் எஃகு, நட்டும் எஃகு என்றால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்த நீள ஸ்க்ரூ போனால் நம்மால் செய்ய முடியாது. தேய வேண்டியது நட்தான். வெண்கலம் போடு, கடையில் கன்மெட்டல் என்று கேள். பித்தளையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஓரத்தில் அரத்தால் ராவிப் பார். உள்ளே சிவப்போடினால் வெண்கலம், வெறும் மஞ்சளென்றால் திருப்பிக் கொடுத்துவிடு.

கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டே இதை யோசித்தேன். என் முறை வந்ததுகூடத் தெரியவில்லை. இங்கே எல்லாம் புது மெஷின்கள். ஒன்று கெட்டால் பெட்டியோடு வேறு வந்துவிடுகிறது. யோசிக்க ஒன்றுமில்லை. நட்டுக்குள் வெட்ட வேண்டிய மரை இடப்பக்கம் சுற்றும், கஷ்டமான வேலை. நீ கை வைக்காதே. வேலையை விட்டுவிட்டு வந்து நானே போடுகிறேன்.

எத்திராஜ்

ரேணிகுண்டா
17 டிசம்பர் 2025

அன்புள்ள மாமா,

போட்டுவிட்டேன்! நீங்கள் வரும்வரை கரும்பு காத்திருக்காது. முதல் கடையில் கொடுத்தது பித்தளை. பிறகு பழைய பம்பு ஒன்றிலிருந்து கழற்றிய கனமான வளையம் கிடைத்தது. ராவினேன், சிவப்பு! கடையிலேயே சிரித்துவிட்டேன். தேய்ந்த நட் மாட்டியிருந்த அதே லேத்தில், டூல் பாய்ந்துவிடாமலிருக்க அதை ஒரே பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் புதிய நட்டைக் கடைந்தேன். முதலாவது வீண். வளையத்தின் மீதியில் செய்த இரண்டாவது, ஸ்க்ரூவில் எண்ணெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. சந்தோஷத்தில் கழற்றி மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன் மாமா.

கடைந்து கொடுத்த உருளையைத் தடவிப் பார்த்துவிட்டு ஆதிநாராயணன், "புதுசுல கூட இத்தினி வழவழப்பா இருந்ததில்லம்மா" என்றார். அடுத்த ஊர் ஆலைக்காரரையும் அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

இனி லேத்தை நான்தான் ஓட்டுவேன். அதற்காக நீங்கள் வேலையை விட வேண்டாம். உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் நட் இருக்கிறது, ஸ்க்ரூ இருக்கிறது. நான் எப்படியிருக்கிறேன் என்ற கேள்வியைக் காணோம். லேத்தைப் பார்க்க வருவதென்றால் வரவேண்டாம். என்னைப் பார்க்க என்றால், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சமைத்து வைக்கிறேன்.

துர்கா

வரதய்யபாளையம்
19 டிசம்பர் 2025

அன்புள்ள துர்கா,

எப்படி இருக்கிறாய்? ஞாயிறு எனக்கு ஷிப்ட். மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார்.

"என் பொண்டாட்டி வரச் சொல்லிக்கீறா சார், அதான் விசேஷம்" என்றேன்.

முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் எத்திராஜ்