ஆயுசு முடிந்த பெட்டியில் அடித்த மனு

இன்று காலை கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். பக்கவாட்டுத் தகரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த கோவில் புற்றுமண் ஒரு சில்லாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. சங்கரன்கோவில்காரன் அந்த மண்ணை முகர்ந்து அடையாளம் காண வேண்டியதில்லை. இருந்தும் முகர்ந்தேன். கோவில் ஈரமும் சூடேறிய தூசியும் கலந்த வாசனை. நீர் போன பிறகு இந்தப் பெட்டியை நான் திறப்பது இதுதான் முதல் தடவை. ஆகவே உமக்கு எழுதுகிறேன். முப்பது வருஷமாக அடுத்தவர்களுக்கு மனு எழுதியவன் நான். 'பெறுநர்' என்று போட்டுவிட்டு அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

நம் கடையைக் கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆதாருக்கு ரேகை வைக்க ஒரு சின்னக் கருவி. நான் சொல்வேன், நீர் அடிப்பீர். நான் 'ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று ஆரம்பிக்கும்போதே உம் விரல்கள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். "ஓம்ம மனு எல்லாம் ஒரே மனுதான் வே. பேரும் ஊரும்தான் வேற" என்பீர். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த கர்வம் உமக்கு, நாலு புத்தகம் படித்த கர்வம் எனக்கு. இரண்டும் அந்த ஒரு மேசையில் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டன.

ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. நாம் வைத்திருந்த விண்டோஸ் பதிப்புக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாது, புதிய பதிப்பை ஏற்கும் தகுதி இந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை. விற்ற கடைக்காரரை வரவழைத்தீர். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்போடு நின்றே தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதுக்கு ஆயுசு முடிஞ்சிட்டு. புதுசு எடுத்திருங்க."

"காலையில நாலு மனு அடிச்சேனே. ஆயுசு முடிஞ்சதா அடிச்சது?"

"ஓடும் அண்ணாச்சி. ஓடாதுன்னா சொன்னேன்? ஆயுசு முடிஞ்சிட்டுன்னுதான் சொல்லுதேன்."

 அவர் போன பிறகு பெட்டியின் தலையில் கையை வைத்து, "ஓடிக்கிட்டு இருக்கதைச் செத்துட்டுன்னு எவனோ சொல்லுவான், நாம கொள்ளி வைக்கணுமோ?" என்றீர். அடுத்த ஒரு வாரம் வாடிக்கையாளர் வந்தால்கூடப் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, விலை கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடும் என்று கண்டுபிடித்தீர். அதை ஆக்கியவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் செய்தவர்கள் என்று நீர் சொன்னபோது நான் நம்பவில்லை. மனு எழுதிப் பிழைப்பவன் அதை நம்புவது தொழிலுக்கு நல்லதல்ல.

வெள்ளிக்கிழமை காலை அதைப் பதிவது என்று முடிவானது. நாள் பார்த்தது நான். எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை கிடையாது, ராகுகாலத்தில் மட்டும் உண்டு. பத்தரைக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு நீர் பென்டிரைவைச் செருகினீர். புதுத் திரை ஒன்று வந்தது. "டீ வாங்கிட்டு வாரேன். வந்து பழையதை எல்லாம் காப்பி எடுத்துட்டு ஆரம்பிப்போம். எதையும் தொட்டுராதேயும்" என்று தூக்குவாளியோடு போனீர்.

டீக்கடையில் உமக்கு யாரோ கிடைத்துவிட்டார்கள். பத்து இருபது ஆனது. பத்து இருபத்தைந்து ஆனது. திரையில் இரண்டு வழி கேட்டிருந்தது: பழையதோடு சேர்த்துப் பதிவதா, பழையதை முழுக்க அழித்துவிட்டுப் பதிவதா? இரண்டாவதுதான் சுத்தமான காரியமாகத் தோன்றியது. அதை அமுக்கியதும், 'நிச்சயமாகத்தானா?' என்று இன்னொரு தடவை கேட்டது. என் ஆயுளில் எந்த அதிகாரியின் மேசையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த மரியாதைக்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. பத்து இருபத்தெட்டுக்கு 'ஆம்' என்றேன்.

நீர் வந்து திரையைப் பார்த்தீர். டீயை மேசையில் வைத்தீர்.

"எதுக்குவே அமுக்கினீரு?"

"ராகுகாலம் வருதுல்லா."

"ராகுகூட ஒன்றரை மணி நேரந்தான் வே இருப்பான். நீரு பன்னெண்டு வருஷத்தையும் தூக்கிட்டீரே."

நாம் அடித்த மனுக்கள் அத்தனையும் போயிருந்தன. பட்டா மாற்றம், பாதைத் தகராறு, தெருக்குழாய், முதியோர் உதவி என்று வட்டாரத்தின் குறைகள் எல்லாம் ஒரே நொடியில் தீர்ந்துவிட்டன. எந்த அதிகாரியாலும் முடியாததை நான் செய்திருந்தேன். அதை அப்போது சொல்லும் தைரியம் வரவில்லை.

மதியம் மாடத்தி வந்தாள். பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவள், அறுபதைத் தாண்டியவள், தனிக்கட்டை. அவள் தெருவில் அதே பெயரில் இன்னொருத்தி இருந்து இறந்துபோனாள். எங்கேயோ எவர் கையோ தவறி, செத்தவளுக்குப் பதிலாக இருக்கிறவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ரேஷன் கடையில் இரண்டு மாதமாக அரிசி இல்லை. "கையை வையிங்கான். வச்சா ஆளு இல்லைங்கு. கை இருக்கு, ரேகை இருக்கு, ஆளு மட்டும் இல்லையாம்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். தான் உயிரோடு இருப்பதாக அவள் கொடுக்க வேண்டிய மனுவை, அவள் போன பிறகு அன்றே அடித்து வைத்திருந்தோம். திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அவள் ஊரிலிருந்து ஆடு ஏற்றிப் போகும் வேனில் இடம் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை வந்து ரேகை வைத்து வாங்கிப் போவதாக ஏற்பாடு.

நீர் அவளிடம் மறைக்கவில்லை. "மனு அழிஞ்சு போச்சு யக்கா."

"இப்ப மனுவும் செத்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குற்றவாளி நான். எனவே, கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நீர் என் பக்கம் திரும்பிய வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. "இவளைச் செத்தவன்னு கம்ப்யூட்டர்லதான் வே அடிச்சிருக்கான். உசுரோட இருக்கான்னும் கம்ப்யூட்டர்லதான் அடிக்கணும். ஆயுசு முடிஞ்சிட்டுன்னு சொன்னானே, அதே பெட்டியில அடிக்கணும்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டும் நிலையில் நான் இல்லை.

மாடத்தி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். காலையில் கோவிலில் எடுத்த புற்றுமண்ணை எச்சில் தொட்டுக் குழைத்துப் பெட்டியின் பக்கவாட்டில் அப்பினாள். "படைக்கும் சொறிக்கும் கேக்குது. இதுக்குக் கேக்காதா?" என்றாள். நீர் கும்பிடும் ஆள் இல்லை. ஆனாலும் அவள் தடவி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்.

புது சிஸ்டத்தில் தமிழ் வந்தது. ஆனால் நீர் ஒரு கட்டையை அமுக்கினால் வேறொரு எழுத்து விழுந்தது. "நான் முப்பது வருஷமா உக்காந்த இடத்துல எல்லாம் எவனெவனோ குடியேறியிருக்கான். ஆக்கிரமிப்புக்கு மனு எழுதும்" என்றீர். போன் நெட்டைக் கொடுத்துத் தேடினீர். தமிழ் விசைப்பலகைகளின் பட்டியல் ஒன்று விழுந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தீர், ஒவ்வொன்றையும் திட்டினீர். மூன்று மணி சுமாருக்குப் பழைய டைப்ரைட்டர் முறை அகப்பட்டது. உம் முகத்தைப் பார்க்காமலேயே அது எனக்குத் தெரிந்தது. கட்டைகளின் சத்தம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

நான் மனுவை மறுபடி சொன்னேன். "மேற்படி மாடத்தியாகிய நான் இன்றைய தேதி வரை உயிருடன் இருந்து வருகிறேன் என்பதை..."

"அது என்ன இழுவை?" என்றாள் மாடத்தி. "இருக்கேன்னு போடுங்க."

என்னைக் கேட்காமலேயே நீர் அடித்தீர்: 'நான் உயிரோடு இருக்கிறேன்.' என் வாக்கியத்தில் நீர் கைவைத்தது அந்த ஒரு தடவைதான். அடித்த மனுக்களிலேயே உருப்படியான வரியும் அதுதான்.

பிரிண்டரைக் கம்ப்யூட்டரில் பதிவதற்கான சிடி தொலைந்து பல வருஷம் ஆகியிருந்தது. வயரைச் செருகினீர். ஊர், பெயர் எதையும் விசாரிக்காமல் தாள் வெளியே வந்தது. மாடத்தி அழுத்தி ரேகை வைத்தாள், தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு.

அவள் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. அரிசிப் பையோடு நேரே நம் கடைக்கு வந்தாள். "ஒத்துக்கிட்டானுவ" என்றாள். பெட்டியை எட்டிப் பார்த்து, "இது எப்படி இருக்கு?" என்று விசாரித்தாள்.

"இருக்கு யக்கா" என்றீர்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீரே சிரிப்பீர். ரேகை வைக்கும் கருவி புது சிஸ்டத்தில் கடைசிவரை வேலை செய்யவில்லை. அதற்காக வந்தவர்களை அடுத்த கடைக்கு அனுப்பினோம். சில விண்ணப்பப் பக்கங்கள் நம்மைக் கண்டால் திறக்காது. கடைக்காரர் போகும்போதும் வரும்போதும், "இன்னுமா ஓடுது?" என்பார். "ஒமக்கு ஏன் வே வருத்தம்?" என்பீர்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் நெஞ்சு வலி என்று படுத்தீர், மூன்றாம் நாள் முடிந்தது. உம் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க உம் வீட்டார் என்னிடம்தான் வந்தார்கள். வாக்காளர் பட்டியலுக்கும், கேஸ் இணைப்புக்கும் அப்படியே. எல்லா மனுவையும் இரண்டு விரலால் இதே பெட்டியில் நானே அடித்தேன். உம் பெயரில் இந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனை பேரோ இருக்கிறார்கள். கார்டு எண்ணை நாலு தடவை சத்தமாக வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். உமக்காக எவனும் அரிசி இழக்கவில்லை.

போன வாரம் கடைக்காரர் புது விலைப்பட்டியலோடு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார், வியாபாரம் படிந்துவிடும் என்ற நம்பிக்கையில். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். தினமும் வருவதுபோல் முதலில் உம் பெயர் வந்தது, கீழே கடவுச்சொல் கேட்டது. உம் கடவுச்சொல்லை அடித்தேன், உள்ளே விட்டது.

"அண்ணாச்சி, இது இன்னும் அவுக பேர்லயா ஓடுது?" என்றார். "இருக்கக்கூடாது அண்ணாச்சி. அந்தப் பேரை எடுத்திருங்க. ரெண்டு நிமிசம், நானே எடுத்துத் தாரேன்."

மற்ற எல்லாப் பட்டியலிலும் உம்மை நீக்கச் சொல்லி மனு எழுதியவன் நான்தான், எல்லாம் சட்டப்படி, எல்லாம் இணைப்புகளுடன். இந்தப் பெட்டியைப் பொறுத்தமட்டில் நீர் தினமும் காலை ஒன்பதரைக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறீர். இதில் உம் பெயரை நீக்கக் கோரி யாரும் மனுக் கொடுக்கவில்லை. கொடுக்க விரும்புகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் எழுதித் தரமாட்டேன்.