அலுவல் முடிந்தது

குருநகர்
20.06.2025

அன்பு மகள் றொசாந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, நித்திரை கொள்கிறாயா என்பதுதான் என் கவலை. பதினெட்டு வயதில், வயிற்றில் நாலு மாதத்துப் பிள்ளையோடு, உன்னைக் கன்னியர் மடத்துச் சிஸ்ரர்மாரின் வீட்டில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே போன் வைத்திருக்க விடமாட்டார்களாம். கடிதத்தைத் தபாலில் போடாதே. சண்டிலிப்பாய் முத்திரையைத்தான் தபால்காரர் முதலில் பார்ப்பார். சிஸ்ரர் கிறிஸ்ரினா வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலுக்கு வருவா, அவவிடம் கொடுத்துவிடு.

நீ பிரான்சுக்கு, பெரியம்மாவிடம் போய்விட்டாய் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். வேறு என்னத்தைச் சொல்ல? உன்னை இந்த நிலையில் விட்டுவிட்டு அந்த டினேஸ் கட்டாருக்கு ஏறும்போது எனக்கு ஒரு சொல் சொல்லிவிட்டா போனான்?

பக்கத்து வீட்டு அற்புதராணியின் மகள் ஜெசிதாவிடம் வகுப்புக் குறிப்புகளை வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்தேன். "பிரான்சிலை இருக்கிறவளுக்கு யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டாள். "அங்கையும் தண்ணி குடிக்கிறவைதானே பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன வந்தாலும் நீ படிப்பை விடாதே. சூடைக் கருவாடும் வைத்திருக்கிறேன். சிஸ்ரருக்கும் கொடு.

உன் அம்மா
லூர்த்தம்மா

சண்டிலிப்பாய்
04.07.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கருவாட்டு மணத்துக்கு முதலில் குமட்டிச் சத்தி வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு முழுவதையும் நானே பொரித்துத் தின்றுவிட்டேன். சிஸ்ரருக்கு வால்தான் மிச்சம்.

என் பிரான்சில் வெங்காயத் தோட்டம் இருக்கிறது. விடிய யன்னலைத் திறந்தால் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம். சாப்பாட்டு அறை மூலையில் எனக்கென்று ஒரு மேசை போட்டுத் தந்திருக்கிறார்கள். நான் படிக்கும்போது மற்றப் பிள்ளைகள் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்கிறார்கள்.

அம்மா, ஒன்றே ஒன்று. உயர்தரப் பரீட்சை விண்ணப்பம் இந்த மாதம் இருபத்தோராம் திகதியோடு முடிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து என் பெயர் போகவேண்டும். நீங்கள் அதிபரோடு போய்க் கதையுங்கோ. உண்மையைச் சொன்னாலும் அவ விளங்கிக்கொள்வா. உங்களுக்கு ஏலாதென்றால் எழுதுங்கோ, சிஸ்ரர் இங்கிருந்தே தனிப்பட விண்ணப்பிக்கிறேன் என்கிறா. அதற்கும் அதே கடைசித் திகதிதான். திருநெல்வேலியில் யாழ்ப்பாணக் கம்பசுக்குப் போய்ப் புவியியல் படிக்கத்தான் நான் வயிற்றையும் வைத்துக்கொண்டு இந்த மேசையில் குந்தியிருக்கிறேன்.

உங்கள் மகள்
றொசாந்தி

குருநகர்
18.07.2025

அன்பு மகளுக்கு,

நேற்றுப் பள்ளிக்கூடம் போனேன். அலுவல் எல்லாம் முடிந்தது. நீ ஒன்றுக்கும் யோசிக்காமல் படி.

அற்புதராணிதான் மதிலுக்கு மேலால் ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். "என்ன லூர்த்தக்கா, பிள்ளை ஒரு கடிதமும் போடேல்லையோ?" நீ பிரான்சிலிருந்து எழுதுகிறமாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு மகள். நல்ல குளிர், பெரியம்மா நன்றாகப் பார்க்கிறா, அவ்வளவும் போதும். ஒருக்கால் காட்டிவிட்டால் அவள் வாய் அடங்கும்.

மீன் எண்ணெய்க் குளிசையை மறக்காமல் குடி.

அம்மா

சண்டிலிப்பாய்
12.09.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

"அலுவல் எல்லாம் முடிந்தது" என்று நீங்கள் எழுதிய வரியை வெட்டி மேசைக்கு நேரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். அன்றைக்கே சிஸ்ரரிடம் காட்டி, தனிப்பட்ட விண்ணப்பம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அதிபரிடம் நீங்கள் எப்படி வாய் திறந்தீர்களோ தெரியாது. எனக்காகத் திறந்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கிழமைக்கு மூன்று பழைய வினாத்தாள் செய்கிறேன். நான் இலங்கைப் படம் கீறத் தொடங்கினால் உள்ளே இருக்கிறவர் உதைக்கத் தொடங்குகிறார். அநேகமாக மன்னாரில் கை வைக்கும்போதுதான்.

பழைய யூனிபோம் இனி எனக்கு ஏறாது. பரீட்சைக்குப் போட வெள்ளையில் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துத் தாங்கோ. அனுமதி அட்டை பள்ளிக்கூடத்துக்கு வந்தவுடன் சிஸ்ரரிடம் கொடுத்துவிடுங்கோ.

பிரான்ஸ் கடிதம் மட்டும் கேட்காதேங்கோ. பொய்யை நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதமாட்டேன். நாளைக்கு என் பிள்ளையும் வாசிக்கப் பழகும்.

உங்கள் மகள்
றொசாந்தி

குருநகர்
31.10.2025

என் பிள்ளைக்கு,

உன் அனுமதி அட்டையைக் கேட்டுச் சிஸ்ரர் பள்ளிக்கூடம் போனாவாம். நான் கையெழுத்து வைத்த கடுதாசியை அவவுக்குக் காட்டியிருக்கிறார்கள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் பெயர் கொடுக்கத்தான் போனேன் மகள், மாதாவாணை. பள்ளிக்கூடக் கந்தோர் வாசலில் ஜெசிதாவின் விண்ணப்பத்தோடு அற்புதராணி நின்றாள். "பிள்ளைதான் பிரான்சிலையே, உங்களுக்கு இஞ்சை என்ன அலுவல்?" என்றாள். "விடுகைப் பத்திரம் எடுக்க வந்தனான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீ பள்ளிக்கூடத்தை விட்டு விலகுகிறாய் என்று அப்படியே எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் வெளிநாடு செல்கிறார் என்று எழுதினேன்.

கடைசித் திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். உனக்காவது எழுதியிருக்கலாம், சிஸ்ரர் விண்ணப்பித்திருப்பா. ஆனால் பரீட்சை மண்டபத்தில் ஜெசிதா உன்னை அந்த வயிற்றோடு கண்டால் என்று நினைத்தேன். பள்ளிக்கூட அலுவல் முடிந்தது உண்மைதானே, நான் எழுதியது பொய் இல்லை என்று என்னையே ஏய்த்தேன். நீ அந்த வரியைச் சுவரில் ஒட்டினாய் என்று வாசித்த அன்று கோயிலில் போய் இருந்து அழுதேன். அப்போதும் உனக்குச் சொல்லவில்லை.

சட்டையைத் தைத்துவிட்டேன். நீ போடப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே தைத்தேன். இடுப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். அடுத்த வருடம் எடுக்கலாம் மகள். நான் உன்னை வந்து பார்க்கட்டுமா? வா என்று ஒரு வரி எழுது.

அம்மா

பாரிஸ்
10.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே நல்ல குளிர். பெரியம்மா என்னை நன்றாகப் பார்க்கிறா.

இன்று திங்கட்கிழமை. அங்கே பரீட்சை தொடங்கியிருக்கும். ஜெசிதாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கோ. அவளுடைய குறிப்புகள் எனக்கு மிகவும் உதவின.

நீங்கள் தைத்த வெள்ளைச் சட்டை அளவாக இருக்கிறது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை மேசையில் இருந்தேன். யாரும் வினாத்தாள் தரவில்லை. பிறகு எழும்பிக் கழற்றி மடித்து வைத்தேன்.

அடுத்த வருட விண்ணப்பத்தை நானே நிரப்புவேன். கையெழுத்தும் நானே வைப்பேன். நீங்கள் அதற்காக ஒரு இடமும் போகவேண்டாம்.

என்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இது தூர நாடு அம்மா. உங்களுக்கு விசா கிடைக்காது.

நீங்கள் கேட்ட கடிதத்தை எழுதிவிட்டேன். அற்புதராணி மாமிக்குக் காட்டுங்கோ.

றொசாந்தி