தொடைச்சதையில் முளைத்த குரல்

மார்ச் 4

என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனம் ஒப்பவில்லை. கழுத்தில் கட்டியை எடுக்கிறேன் என்று நரம்பை அறுத்தவரும் ஒரு டாக்டர்தானே? அதனால் செயலிழந்து உங்கள் குரலையே பறித்த தொண்டைத் தசைக்கு இப்போது அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து சதையைக் கிள்ளி, வளர்த்து, ஊசியில் ஏற்றுவார்களாமே. அது என்ன நாற்றா, பிடுங்கி நடுவதற்கு? உங்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பதால்தானே எனக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்தீர்கள்.

சந்தையில் உங்கள் இடத்தில் நின்று உங்கள் தம்பிதான் ஏலம் விடுகிறார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். ஒருவர் காதிலும் விழுவதில்லை.

உங்கள் வக்கீலம்மா

ஜூன் 20

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

ஊசி வேலை செய்கிறது! கட்டைபோல் கிடந்த தசை அசைவதைத் திரையில் நானே பார்த்தேன். நேற்று "தண்ணி" என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் ஏலக்காரன்

ஜூலை 2

என்னங்க,

சத்தம் வந்தால் போன் செய்ய என்ன கேடு? திரையில் ஆயிரம் காட்டுவார்கள். என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறீர்களோ என்றிருக்கிறது.

ஆண் துணையில்லாத வீடு என்று மோப்பம் பிடித்து எவனோ வேறு தொல்லை கொடுக்கிறான். போனை எடுத்தால் கீச்சுக்குரலில் "சாப்பிட்டியாம்மா?" என்கிறான். "செருப்பு பிஞ்சிடும்" என்று வைத்தேன். மறுநாளும் அதே குரல். "எங்க வீட்டுக்காரர் வந்தா உன் தோலை உரிச்சிடுவார்" என்றேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வக்கீலம்மா

ஜூலை 9

வக்கீலம்மாவுக்கு,

அவன் தோலை நான் எப்படி உரிப்பது? அது நான்தான்.

தசை உயிர் பெற்றுவிட்டது. ஆனால் பழைய கணீர்க்குரல் வரவில்லை. பயிற்சி செய்தால் கொஞ்சம் கனக்கலாம் என்கிறார் டாக்டர், உறுதி சொல்லவில்லை. கட்டியவளுக்கே அடையாளம் தெரியாத குரலோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்? இங்கேயே ஒரு கிடங்கில் வேலை இருக்கிறது. சேர்ந்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஏலக்காரன்

ஜூலை 13

என்னங்க,

கிடங்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது.

கணீரென்று பேசிய அத்தனை வருஷத்தில் ஒருநாளாவது என்னை "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டிருக்கிறீர்களா? பிறகு எப்படி அடையாளம் தெரியும்? குரல் மாறியிருந்தாலும் "சோறு எங்கடி" என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பேன்.

இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். நேரில் வந்து கேளுங்கள், நம்புகிறேன். அதற்கு முன்னால் போனிலும் கேளுங்கள். ஒரு தரம் திட்டினேன், ரெண்டு தரம் திட்டினேன். மூணாவது தரத்துக்காகப் போன் பக்கத்திலேயே இருக்கிறேன்.

இன்னும் சாப்பிடவில்லை.

உங்கள் வக்கீலம்மா