சரவணனின் நடத்தைச் சான்றிதழ்

14.6.2006, புதன்

கிருஷ்ணகிரி காலேஜில் இன்று எனக்கு சீட்டு கிடைத்தது. என்னைவிட எண்பது மார்க் அதிகம் வாங்கிய சரவணனுக்குக் கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் நடத்தை 'நன்று'ன்னுதான் போடுவாங்க. உனக்கு மட்டும் 'திருப்தி இல்லை'ன்னு இருக்குதே, அப்படி என்னப்பா பண்ணின? நாளைக்கு அப்பாவோட வா" என்றார் கிளார்க்.

பண்ணியது நான். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று சரவணன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் அவனுக்கும் கிளாஸ் லீடருக்கும் கல்யாணப் பத்திரிகை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மணமகன் வீட்டாரும் மணமகன் வீட்டாரும் அன்புடன் அழைக்கிறோம், மொய் வேண்டாம். ஸ்கூலே சிரித்தது. "இது நெஜமா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது அவன் இல்லை என்று சொல்லவில்லை. யார் எழுதியது என்றும் சொல்லவில்லை.

இன்று திரும்பும்போது ஓசூர் பஸ்ஸில் சரவணன் கேட்டான். "பசங்களப் புடிச்சா காலேஜ்ல சேத்துக்க மாட்டாங்களாடா?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கப்பாகிட்ட என்னன்னுடா சொல்றது?"

எல்லாம் நான் கட்டிய கதை என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னால் அவனுக்கு 'நன்று' போடுவார். என்னுடையது போய்விடும். போகட்டும், காலையில் முதல் ஆளாக நிற்கிறேன். ஆனால் ஸ்கூல் திறப்பது ஒன்பது மணிக்கு. அவன் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து ஏழுக்கே வீட்டுக்கு வந்துவிடுவார்.