சிவப்புத் தண்ணீரைப் பற்றி வகுப்பில் பேசினேன்

என் பிரியமுள்ள நைனா,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நான் வனக்காப்பாளர் ஆனதை நீ பார்க்கவில்லை. காக்கிச் சட்டையோடு கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஏரிக்கு வரும் பூநாரைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். நம்புவாயா?

போன மாதம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு. தலைமையாசிரியர் வாசலிலேயே நிறுத்தினார். "பறவையப் பத்தி மட்டும் பேசுங்க மேடம். கம்பெனி, கால்வாய் எதுவும் வாணாம். பெஞ்சு, ஃபேனு எல்லாம் அவங்க குடுத்தது." தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பூநாரை சேற்றைக் கிளறி இரை தேடுவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெனிபர் என்ற பெண் எழுந்தாள். "மிஸ், எங்க ஊட்டாண்ட கால்வாயில தண்ணி செவப்பா வருது. அது ஏரிக்குத்தான போவுது? அப்போ அதுங்க இன்னாத்த துன்னும்?"

தலைமையாசிரியர் கதவோரம் நின்று என்னையே பார்த்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஃபாக்டரி உலையில் உன் கை வெந்தபோது, "ஊட்டுல எண்ணெ கொட்டிக்கினேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாயே. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன், நீ சொல்லச் சொன்னதால். உன்னைக் குறை சொல்லவில்லை. வேலை போயிருந்தால் நமக்குச் சோறு ஏது? ஆனால் அந்தப் பொய்யை என் வாயிலும் ஏன் வைத்தாய் நைனா?

"ஏரிக்குத்தாம்மா போவுது," என்றேன். "சேத்துல இருக்கிற புழுபூச்சி செத்தா பறவைக்குத் தீனி இல்ல. சுத்தம் பண்ணாம வுடுறது தப்பு. யாரு வுட்டாலும் தப்பு."

மறுநாளே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "ரெண்டு வரி மன்னிப்பு எழுதிடும்மா, பேஜாரு வாணாம்," என்றார் மேலதிகாரி. நீ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். 'மாணவி கேட்டாள், உண்மையைச் சொன்னேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஜெனிபரின் அப்பா என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன்.

"கம்பெனியில அந்தக் கால்வாய்க்குத் தண்ணி வுடுற வால்வ தொறக்குறவனே நான்தாம்மா. 'நீயா நைனா தொறக்குற?'ன்னு பொண்ணு கேட்டுச்சி. அதும் மூஞ்சப் பாக்க முடில." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எப்பெப்ப தொறக்க சொல்றாங்கன்னு எழுதித் தரேன். எம்பேரு போட்டே தரேன்."

"வேல போயிடும்ணா."

"போவட்டும்."

போய்விட்டது. இப்போது மீஞ்சூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து நான் புகார் அனுப்பினேன். அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். முடிவு வரவில்லை. வால்வு மூடியிருக்கிறது, எத்தனை நாளைக்கோ தெரியாது. என் மேல் விசாரணை நடக்கிறது. அந்தப் பள்ளிக்கு இனி வர வேண்டாமாம்.

திங்கட்கிழமை இங்கே பக்கத்து ஆரணியில் வேறொரு பள்ளிக்குப் போகிறேன். பிள்ளைகள் கேட்காவிட்டால் நானே கால்வாயைப் பற்றி ஆரம்பிப்பேன். என்னை எங்கே வேண்டுமானாலும் மாற்றட்டும். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், நைனா. அங்கேயும் பேசுவேன்.

உனக்கு அடங்காத மூத்த மகள்,
ரேவதி