வரிக்கு ஒரு ‘எனவே’

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து பனி. யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு வகுப்புக்கு.

கணக்குத் தேர்வுத் தாள் வந்தது. இருசமபக்க முக்கோண நிரூபணம். படிகள் எல்லாம் சரி. மார்க் ஐந்துக்கு மூன்று. வரிக்கு ஒரு ‘எனவே’ போட்டிருக்கிறேனாம். ஒவ்வொன்றையும் சிவப்பில் சுழித்திருந்தார் கணக்கு சார். எல்லோருக்கும் படித்தும் காட்டினார்.

“எனவே, எனவே, எனவே. உங்க மலைல வேற வார்த்தையே கெடையாதாம்மா?”

சார் கீழே ஆலங்காயத்திலிருந்து மலையேறி வருகிறவர். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. மதியம் முட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

நவ. 5, புதன்
அதையே திருத்தி எழுதி வரச் சொல்லியிருந்தார். எழுதினேன். ‘எனவே’ இருந்த இடங்களில் ஒரு வார்த்தையும் இரண்டு தடவை வரவில்லை.

ஆகவே.
ஆதலால்.
மேற்படி காரணத்தை முன்னிட்டு.
இவ்வளவு தூரம் வந்த பிறகு.
வேறு போக்கிடம் இல்லாமல்.
சாமி சத்தியமாக.

“‘கர்த்தரின் கிருபையால்’னும் ஒண்ணு போடுடி” என்றாள் ஜெசிந்தா. போட்டேன். கோணம் B-யும் C-யும் சமமாகிவிட்டன.

நவ. 6, வியாழன்
சார் படித்தார். காது சிவந்தது.

“கிண்டலா?”

“இல்ல சார். வேற வார்த்தை கேட்டீங்க.”

“மன்னிப்பு கேளு. இல்லன்னா திருவண்ணாமலைக்கு உன் பேரு போகாது.”

அடுத்த வாரம் அங்கே மாவட்டக் கணக்குப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து நான் ஒருத்திதான். ரொம்ப ஆசை.

“தப்பான படி ஒண்ணு காட்டுங்க சார். கேக்கறேன்.”

வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். மணி அடிக்கிற வரை.

நவ. 7, வெள்ளி
மழை. அம்மாவை வரவழைத்துவிட்டார்கள். சாமை அறுப்பைப் போட்டுவிட்டு நடந்தே வந்தாள்.

தலைமையாசிரியை அறை. கணக்கு சாரும் இருந்தார். அம்மாவுக்குப் படிக்க வராது. மேடமே தாளை வாய்விட்டுப் படித்தார். ‘வேறு போக்கிடம் இல்லாமல்’ வந்தபோது கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு இருமினார்.

“கணக்கு சரியா, தப்பா சார்?”

“கணக்கு சரிதாங்க மேடம். ஆனா...”

“அப்போ இன்னாத்துக்குங்க என்னக் கூப்ட்டீங்க?” என்றாள் அம்மா. சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

மேடம் போட்டியிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டாம் என்றார். மார்க் இன்னும் மூன்றுதான். இருக்கட்டும்.

வெளியே வந்ததும் அம்மா, “மன்னிப்பு கேட்டியா?”

“இல்ல.”

“ம்.” முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதி வேலை கிடக்கிறதாம்.

திரும்பினால் வராந்தாவில் சார். “திருவண்ணாமலைலயாவது ஒழுங்கா ‘எனவே’ன்னு எழுது. திருத்துறவங்க வேற ஆளுங்க.”

“வரிக்கு ஒண்ணா சார்?”

ஸ்டாஃப் ரூம் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.